நாற்பத்தெட்டு நாள் ஓட்டம்

ஐம்பத்தொரு வயதில் என்னைப் பற்றி யாரும் புதிதாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது என்று நினைத்திருந்தேன். பள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. ஜன்னலுக்குப் பின்னால் நின்று சீட்டை வாங்கி, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லி முடித்ததும் எதிரே நிற்பவர், "சாப்பாட்டுக்கு முன்னாடியாம்மா?" என்று கேட்பார். இருபத்தாறு வருடமாக இதுதான் நடக்கிறது. கோபக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயரில் எனக்கு வருத்தமும் இல்லை.

போன வருடம் ஆனி மாதம் ஒரு நாள், சர்க்கரை மாத்திரை வாங்கிய ஒருவர் அதை ஜன்னல் ஓரத்திலேயே வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் மாத்திரையை அவர் கையில் திணித்து, திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். வாசலில் எங்கள் டாக்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட ஆகாத சென்னைப் பெண். அதற்குள் இரண்டு முழு மாரத்தான் ஓடியவர்.

"அக்கா, அவ்வளவு தூரம் ஓடிப் போய் அவரை முழுசாத் திட்டவும் முடிஞ்சுது உங்களால. மூச்சே வாங்கல," என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் டாக்டர் என் ரத்தத்தை எடுத்தார், இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார், முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். மார்கழியில் சென்னையில் ஒரு மாரத்தான் இருக்கிறது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்குப் பதினாறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால் ஏழு வாரம் தினமும் ஓடிப் பாருங்கள், உடம்பும் மனசும் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பெயர் கொடுக்கலாம், அவசரமில்லை என்றார். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஏழு வாரம் கிடைக்கிறதே.

வீட்டில் சொன்னேன். என் கணவர் ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் கணக்காக மாற்றினால்தான் அவருக்கு விளங்கும்.

"நாப்பத்திரண்டுன்னா, இங்கிருந்து அரக்கோணம் போயி, திரும்பி வந்து, மறுபடியும் அரக்கோணம் போவணும். ரெண்டாவது வாட்டி எதுக்கு வந்துகினு இருக்கறன்னு யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவ?"

"பொண்ண பாக்க வந்தேன்னு சொல்றேன்," என்றேன்.

எங்கள் ஒரே மகள் அரக்கோணத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகனுக்கு ரயில்வேயில் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம் முடிந்துவிட்டது, குழந்தை இல்லை. இருவருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது. குறை எதுவும் இல்லை, காத்திருங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் மாமியாருக்குக் காத்திருக்கத் தெரியாது. கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு கோயில், ஒவ்வொரு மாதமும் ஒரு புது டாக்டர், நடுவில் யாரோ சொன்ன ஒரு கஷாயம் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்த வழியில் பாசம் காட்டினார். என் மகள் கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் போவதை நிறுத்திவிட்டாள். போனால் மூன்றாவது ஆள், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிடுவார்.

ஆடி பிறந்த மறுநாள் ஓட ஆரம்பித்தேன். முதல் மூன்று நாள் சித்தூர் ரோட்டில் ஓடினேன். விடியற்காலையில் அந்த ரோடு நாய்களுக்குச் சொந்தம். துப்பட்டா பறக்க ஓடும் ஒரு பெண்மணியை அவை அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. நான்காம் நாள் எங்கள் ஊர்க் கோயில் மலைப்பக்கம் திரும்பினேன். படி ஏறினால் தொடைக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். முந்நூற்று அறுபத்தைந்து படி. நாயும் இல்லை, லாரியும் இல்லை. ஒரே ஒரு சங்கடம், ஷூவோடு ஏற முடியாது. சாமி படியாயிற்றே. அடிவாரத்தில் பூ விற்கும் ஒரு பெண்ணின் கூடைக்குப் பக்கத்தில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். மேல் படியைத் தொட்டதும் திரும்பி இறங்குவேன். கோயிலுக்குள் போக மாட்டேன். வியர்வையோடு எப்படிப் போவது என்பது ஒரு காரணம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இப்படி ஒரு வாரம் போயிருக்கும். பூக்காரி கேட்டாள்.

"எத்தினி நாளு வேண்டுதல்க்கா?"

இந்த ஊரில் வெறுங்காலோடு, அதுவும் ஆடி மாதத்தில், மூச்சிரைக்க மலையேறுகிறவர்களுக்கு வேறு காரணம் இருக்க முடியாது. அவளிடம் மாரத்தான் என்றால் என்ன, அதை ஏன் ஓட வேண்டும், ஓடினால் என்ன கொடுப்பார்கள் என்றெல்லாம் விளக்க வேண்டியிருக்கும். எனக்கோ ஏழரை மணி பஸ். ஏழு வாரம் என்பதைக் கொஞ்சம் உள்ளூர் ஆக்கி, "ஒரு மண்டலம்," என்றேன். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். ஒரே ஒரு நாள்தான் குறைகிறது, பெரிய பொய் இல்லை என்று நினைத்தேன்.

"ஆங். பொண்ணுக்குத்தான?" என்றாள். என் மகளுக்குக் குழந்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

நான் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். வேண்டுதல் என்னவென்று வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் யாரும் அழுத்திக் கேட்க மாட்டார்கள், அவர்களாகவே ஊகித்துக்கொள்வார்கள். பதில் சொல்லாமல் இருப்பது ஆமாம் என்று சொல்வதுதான். இது எனக்குத் தெரியாதது அல்ல. ஐம்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். தெரிந்தே பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ராஜ மரியாதை. முன்பெல்லாம் பெண் என்ன ஓட்டம் ஓடுகிறாள் என்று வேடிக்கை பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில்கூட, காவடி எடுத்து வந்தவர்களைச் சற்று நிறுத்தி, "வேண்டுதல் ஓட்டங்க, அந்த அம்மாவ வுடுங்க," என்று யாரோ குரல் கொடுத்தார். என் தெருவில் என் கணவரிடம் துக்கம் விசாரிப்பதுபோல் மெதுவாகப் பேசினார்கள். அவருக்கு உண்மை தெரியும். ஆனாலும், "பெத்த மனசு இல்லீங்களா," என்று பதில் சொல்லிவிட்டு வந்து என்னிடம் சிரித்தார். திட்டினேன். மறுக்க அவரும் போகவில்லை, நானும் போகவில்லை.

இருபதாம் நாள் வாக்கில் சம்பந்தியம்மாள் போன் செய்தார். பூக்காரிக்கு அரக்கோணத்தில் ஒரு நாத்தனார் இருக்கிறாளாம். பூவும் செய்தியும் ஒரே ரயிலில் போயிருக்கின்றன.

"சம்மந்தி, நீங்க படி ஓடிகினு இருக்கீங்களாமே. ஒரு வார்த்த சொல்லலியே நீங்க. இந்த வயசுல, அதுவும் வேலைக்குப் போயிகினு. நான் நெனச்சேன், பொண்ணக் குடுத்துட்டு கவல இல்லாம இருக்காங்கன்னு. மன்னிச்சுக்கணும்."

மாத்திரைச் சீட்டைப் படிக்கும் குரலில், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்றேன். அதையும் அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மகள் பேசினாள். வழக்கமாகப் பேசுவதைவிட அவள் குரல் இலேசாக இருந்தது.

"ம்மா, நீ ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து இங்க யாரும் என்ன ஒண்ணும் கேக்கறதில்ல. கஷாயம்கூட நிறுத்தியாச்சு. உங்கம்மா வேண்டுதல் முடியட்டும், பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. நாலு வருசத்துல இப்பதான் நான் பாட்டுக்கு டிவி பாத்துகினு உக்காந்திருக்கேன்."

"நல்லா இரு," என்றேன்.

"ஆனா உன் காலு வலிக்குமேம்மா. எனக்கு அத நெனச்சாதான் ஒரு மாதிரியா இருக்குது. எனக்காக நீ எதுக்கு இப்டி..."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கஷாயம் திரும்ப வந்துவிடும். சொல்லாவிட்டால், நான் சந்தோஷத்துக்காக ஓடுகிற ஓட்டத்தை அவள் பாரமாகச் சுமப்பாள். சந்தோஷம் என்று சும்மா சொல்லவில்லை. முப்பதாவது நாளுக்குமேல் நிற்காமல் ஏறினேன். நாற்பதாவது நாள் இரண்டு முறை ஏறி இறங்கினேன். கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது, அதைக்கூடப் பெருமையாக டாக்டரிடம் காட்டினேன். கடைசி நூறு படியில் மூச்சைத் தவிர வேறு எதுவும் நினைவில் இருக்காது. வீடு, வேலை, மகள், யாருமே இல்லாத ஓரிரு நிமிடம். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

டாக்டர் தினமும் கேட்டார். பெயர் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உடம்பு தயார் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் பயிற்சி என்று இறங்கினால் ஞாயிறுதோறும் இருபது, முப்பது கிலோமீட்டர் ரோட்டில் ஷூ போட்டு ஓட வேண்டும். எந்தச் சாமிக்கும் அப்படி ஒரு வேண்டுதல் கிடையாது. ஊருக்குத் தெரியும், அரக்கோணத்துக்குத் தெரியும், பழி மகள் தலையில் விடியும். பேசாமல் நாற்பத்தெட்டாவது நாளோடு நிறுத்திவிடலாம், பொய்யும் தானாக முடிந்துவிடும் என்றும் நினைத்தேன். நினைத்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாற்பத்தெட்டாவது நாள் ஆவணி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. வேண்டுதல் நிறைவுக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று சம்பந்தியம்மாள் மகளை அழைத்துக்கொண்டு முதல் ரயிலிலேயே வந்துவிட்டார். தேங்காய், பழம், மாலை எல்லாம் அவரே வாங்கி வந்திருந்தார். வண்டியில் போகலாம் என்று சொன்னதற்கு, நீங்கள் நாற்பத்தெட்டு நாள் ஏறினீர்கள், நான் ஒரு நாள் ஏற மாட்டேனா என்று கேட்டு, வீங்கிய முட்டியோடு படியேறினார். இருபது படிக்கு ஒரு முறை உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் என் காலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அந்தப் படிகளில் அவ்வளவு மெதுவாக ஏறிப் பழக்கம் இல்லை. அன்றைக்குத்தான் மிகவும் களைத்துப் போனேன்.

மேலே அர்ச்சனை வரிசையில் நின்றோம். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது. சம்பந்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்மந்தி, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனச்சுக்காதீங்க. இதோட வுட்டுட வேணாம். இன்னும் ரெண்டு மண்டலம் எடுங்க. பலிக்கிற வரிக்கும் வுடக் கூடாது. வேணும்னா நான் ஞாயித்துக்கெழமைல வந்து உங்களுக்குச் சமைச்சு வெச்சுட்டுப் போறேன்."

அந்த நேரத்தில் என் மனம் போன போக்கை மறைக்க விரும்பவில்லை. பதினாறு வாரம் என்றால் நூற்றுப் பன்னிரண்டு நாள். இரண்டு மண்டலமும் பதினாறு நாளும். மாரத்தான் வரைக்கும் ஓடலாம், யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. ரோட்டில் ஓடுவதற்கு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம், மலையைச் சுற்றி வருவதாகச் சொன்னால் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சமையல்கூட ஆகிவிடும். கணக்கு வாத்தியார் பெண்டாட்டி, கண் மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம்," என்றாள் மகள்.

வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போதும்மா. நகம் பேந்து போயிருக்கு உனக்கு, கீழ செருப்பு கழட்டும்போது பாத்தேன். எனக்கு ஒரு புள்ள இல்லன்றதுக்கு இன்னும் எத்தினி பேரு காலு ஒடியணும்? நான் இன்னா பண்ணேன், எல்லாருக்கும் இவ்ளோ பாரமா இருக்கறதுக்கு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஏழு வாரத்தில் முதல் முறையாக நன்றாக வெட்கமாக இருந்தது.

"உனக்காக ஓடல," என்றேன். "இது வேண்டுதலே இல்ல. மார்கழில மாரத்தான்னு ஒண்ணு மெட்ராஸ்ல இருக்குது. ஓடலாமா வேணாமான்னு பாக்கறதுக்கு ஓடினேன். எனக்கு ஓடணும்னு ஆச. அவ்ளோதான். பூக்காரி தப்பா கேட்டா, நான் இல்லன்னு சொல்லல. உங்ககிட்டயும் சொல்லலங்க. என் தப்புதான்."

கடைசி இரண்டு வாக்கியம் சம்பந்தியம்மாளுக்கு. அவர் என் கையை விட்டுவிட்டார்.

"தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டனே சம்மந்தி," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏமாந்த குரலில் சொன்னார். பிறகு தூணோரமாகப் போய் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டார்.

மகள் என்னையே பார்த்தாள்.

"இத்தினி நாள் மேல வந்து போயிகினு இருந்தியே. ஒரு நாளுகூட எனக்காக வேண்டிக்கலியா?"

வேண்டிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். சந்நிதி பத்தடி தூரத்தில் இருந்தது, சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள். ஆனால் ஒரு பொய் போதும் என்று இருந்தது.

"இல்ல," என்றேன். "மூச்சு வாங்கறதுக்கே சரியா இருந்துச்சு. உள்ளயே வரல நான்."

வரிசை இரண்டு ஆள் நகர்ந்தது. நான் அவள் அழப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"பஸ்ல பக்கத்துல உக்கார்றவங்ககூட என்னப் பாத்து எதனா வேண்டிக்கறாங்க," என்றாள். "நீ ஒருத்தியாச்சும் வேண்டிக்காம இருந்தியே."

சொல்லும்போது அவள் உதடு கோணியது. அது சிரிப்புதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தூணோரத்தில் உட்கார்ந்திருப்பவரை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அன்று சாயங்காலம் முதல் அரக்கோணத்தில் எல்லாம் மறுபடி ஆரம்பிக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

எங்கள் முறை வந்தது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு என்று கேட்டார். மகள் என் பெயரைச் சொன்னாள். என் நட்சத்திரத்தையும் சொன்னாள். அது அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"என்ன பிரார்த்தனைம்மா?"

"எங்கம்மா நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடணும் சாமி," என்றாள். "முட்டிக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

குருக்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் வேறொன்றும் கேட்காமல் என் பெயரைச் சொல்லி அர்ச்சனையை ஆரம்பித்தார்.